ஒசாகாவில் டோடோன்போரியைத் தாண்டி என்ன சாப்பிடலாம், என்ன பார்க்கலாம்?

ஊர்சுற்றி:
அடுத்த மாதம் நானும் மனைவியும் ஒசாகா போகிறோம். எங்கே தேடினாலும் டோடோன்போரி கால்வாய், கைகளை உயர்த்தி ஓடும் கிளிகோ விளம்பரம், தாகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டை, இதற்கு மேல் யாரும் நகர்வதில்லை. அதெல்லாம் ஒரு மாலையில் பார்த்துவிடுவோம். எனக்கு விஸ்கியில் ஆர்வம், அவருக்கு ஓவியமும் பீங்கானும் என்றால் உயிர். இரண்டு பேருக்கும் பொதுவாக சாப்பாடு, ஆனால் அவர் மீனும் கறியும் சாப்பிட மாட்டார், முட்டை பரவாயில்லை. அங்கே போய் வந்தவர்கள் நீங்களாகக் கண்டுபிடித்து ரசித்த இடங்களைச் சொல்லுங்களேன். நடக்க அலுக்காதவர்கள் நாங்கள்.

கருங்குவளை:
ஒசாகா சாப்பாடு என்றதும் மாவு, சாஸ், மயோனைஸ் என்றுதான் பேச்சு போகும். எனக்கு அந்த ஊரின் நாக்கைப் புரியவைத்தது ஒரு கிண்ணம் கிட்சுனே உடோன். தடித்த கோதுமை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வேகவைத்த பொரித்த டோஃபு, அவ்வளவுதான், ஆனால் அந்தச் சாறு இருக்கிறதே, டோக்கியோப் பக்கம் கிடைப்பது போல கறுப்பாக இருக்காது, வெளிறிய பொன்னிறத்தில் இருக்கும், கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம். காரணம் கொம்பு என்ற கடற்பாசி. அது ஒசாகாவில் விளைவதே இல்லை, வடக்கே ஹொக்கைடோ கடலில் விளைவது. எடோ காலத்தில் வடக்கிலிருந்து சரக்குக் கப்பல்கள் அதை ஒசாகாவுக்குக் கொண்டுவந்து இறக்கின, ஊரின் சமையலே அதன் மேல் எழுந்தது. இன்றும் கொம்பு மட்டுமே விற்கும் பழைய கடைகள் அங்கே உண்டு, உள்ளே போய் வாசனை பிடித்துவிட்டு வாருங்கள்.

குஷிகத்சு சாப்பிட ஷின்செகாய் என்ற பழைய பேட்டைக்குப் போகலாம், 1956-இல் கட்டிய த்சூதென்காகு கோபுரத்தின் அடியில் கடைகள் நிறைய. குச்சியில் குத்திப் பொரித்த எதையும் பொதுச் சாஸில் ஒரே ஒரு தடவைதான் தோய்க்க வேண்டும், கடித்த பிறகு தோய்க்கக் கூடாது. கொரோனாவுக்குப் பின் பல கடைகள் சாஸைப் பாட்டிலில் தருகிறார்கள்.

பீங்கான் பிடிக்கும் என்றால் வேறு எதை விட்டாலும் நகனோஷிமாவில் உள்ள கீழைப் பீங்கான் அருங்காட்சியகத்தை விடவே கூடாது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தீவு அது. 1982-இல் திறந்த இடம், புதுப்பித்து 2024 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். சீன, கொரியப் பாண்டங்கள்தான் அதிகம். அதில் சீனாவின் தென் சோங் அரச காலத்து ஒரு கறுப்புத் தேநீர்க் கிண்ணம் இருக்கிறது, ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். மெருகில் இருக்கும் இரும்பு சூளையில் பிரிந்து எண்ணெய்த் துளி போலப் புள்ளி புள்ளியாக மேலே வந்து நிற்கிறது, நாம் நகர நகர அது வெள்ளியாகவும் நீலமாகவும் மாறுகிறது. கையடக்கமான கிண்ணம்தான், என்னால் அதை விட்டு நகரவே முடியவில்லை. சில பாண்டங்களை இயற்கை வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள், அதனால் பகலில் போங்கள். கொரியாவின் பச்சைப் பாண்டங்களின் நிறம் அப்போதுதான் சரியாகத் தெரியும்.

அதே தீவில் மேற்கே நடந்தால் 2022-இல் திறந்த நகனோஷிமா கலை அருங்காட்சியகம், ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. வாசலில் விண்வெளி உடை போட்ட ஆரஞ்சுப் பூனைச் சிலை நிற்கும். பக்கத்திலேயே தேசியக் கலை அருங்காட்சியகம், காட்சிக்கூடங்கள் எல்லாம் தரைக்கு அடியில். 1970 உலகக் கண்காட்சிக்காக ஸ்பெயின் ஓவியர் மீரோ செய்த பெரிய பீங்கான் சுவர் அங்கே இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அந்த ஒரு தீவே ஒரு நாள் முழுக்க வேண்டும்.

மலைச்சாரல்:
விஸ்கி என்றதும் ஓடி வந்தேன். யமசாகி போங்கள், கண்டிப்பாக. ஒசாகாவிலிருந்து ஜேஆர் ரயிலில் சுமார் அரை மணி நேரம், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். ஜப்பானில் மால்ட் விஸ்கி தொடங்கிய இடம், 1923-இல் தோரீ ஷின்ஜிரோ ஆரம்பித்தது. ஆனால் நேராகப் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், முன்பதிவு வேண்டும். ஆலையைச் சுற்றிக் காட்டும் டூர் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும், அதனால் இன்றைக்கே அவர்களின் இணையதளத்தைப் பாருங்கள்.

பலருக்குத் தெரியாத விஷயம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மலைச்சரிவில் ஓயமசாகி வில்லா அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் இருவரின் ஆசையும் ஒரே ஊரில் தீர்ந்துவிடும். ககா ஷோதாரோ என்ற தொழிலதிபரின் ஆங்கிலப் பாணி மாளிகை அது. யமசாகி ஆலையைக் கட்டிய தகெத்சுரு மசதாகா பின்னால் தனியாகப் போய் நிக்கா என்ற விஸ்கி நிறுவனத்தைத் தொடங்கினாரே, அதில் பணம் போட்டவர்களில் இவர் ஒருவர். யமசாகி ஆலைக்குப் பக்கத்திலேயே அதன் போட்டியாளருக்குத் தோள்கொடுத்தவரின் வீடு! ககா அந்த வீட்டில் ஆர்கிட் வளர்த்தார், அந்தப் பூக்களை மர அச்சு ஓவியங்களாகப் பதிப்பித்தார், அவை அவ்வளவு அழகு. பின்னால் கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ மலைக்குள் புதைத்தது போலக் கட்டிய கான்கிரீட் கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக் குள ஓவியங்கள். மாளிகையின் மாடியில் தேநீர் அறை இருக்கிறது, பால்கனியிலிருந்து மூன்று ஆறுகள் கூடும் சமவெளி தெரியும். கண்காட்சி மாற்றும் நாட்களில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துப் போங்கள்.

மாலையில் ஊருக்குத் திரும்பியதும் தென்மா பக்கம் நின்றுகொண்டே குடிக்கும் சிறு கடைகளில் ஏதாவது ஒன்றுக்குள் நுழையுங்கள். சாகே என்ற அரிசி மதுவைச் சூடாகவும் கேட்கலாம். உட்காரும் கடையில் கேட்காமலேயே ஒரு சின்னத் தட்டு வரும், அதற்கும் பில்லில் சில நூறு யென் சேரும், அங்கே அதுதான் வழக்கம். டிப்ஸ் கொடுக்க வேண்டாம்.

பச்சைமிளகாய்:
கருங்குவளை சொன்ன உடோனை உங்கள் மனைவி சாப்பிட முடியாது, இதை யாராவது சொல்லியாக வேண்டும். அந்தச் சாற்றில் கொம்போடு மீன் சீவலும் சேர்த்துத்தான் காய்ச்சுவார்கள், டோஃபுவையும் அதிலேயே வேகவைப்பார்கள். ஒகோனோமியாகி என்ற மாவு அடையைக் காய்கறி மட்டும் போட்டுக் கேட்டாலும் மாவில் அந்தச் சாறு இருக்கும், மேலே மீன் சீவல் தூவுவார்கள். குஷிகத்சுவில் தாமரைத் தண்டு, கத்தரிக்காய் எல்லாம் உண்டு, ஆனால் எண்ணெய் கறியோடு பொது, சில இடங்களில் மாட்டுக் கொழுப்பு. நானும் சைவம்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

என்ன கிடைக்கும் என்றால், சுழலும் சுஷிக் கடையில் வெள்ளரிக்காய் ரோல், புளிக்கவைத்த சோயா வைத்த நாட்டோ ரோல். அந்தச் சுழலும் சுஷியே இங்கே பிறந்ததுதான், 1958-இல் கிழக்கு ஒசாகாவில், பீர் ஆலையின் கன்வேயர் பட்டையைப் பார்த்து வந்த யோசனை. புத்தக் கோயில்களின் ஷோஜின் என்ற சைவச் சமையலைக் கேட்டுப் பாருங்கள், அதில் கொம்பும் காளானும் மட்டும் வைத்துச் சாறு எடுப்பார்கள், கருங்குவளை புகழும் கடற்பாசிச் சுவை மீன் இல்லாமலே கிடைக்கும். ஷின்செகாயின் பழைய காபிக் கடைகளில் மிக்ஸ் ஜூஸ் குடியுங்கள், பழமும் பாலும் அடித்தது, ஒசாகாக்காரர்களின் செல்லம்.

ஊர்சுற்றி:
பச்சைமிளகாய், ரொம்ப நன்றி, இதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மலைச்சாரல், முன்பதிவு முயற்சியை இப்போதே தொடங்கிவிட்டேன். இன்னொரு கேள்வி, புன்ராகு பொம்மலாட்டம் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்கிறார். மொழி தெரியாமல் உட்கார முடியுமா?

கருங்குவளை:
முடியும், தாராளமாக. தேசிய புன்ராகு அரங்கு நிப்பொன்பாஷியில் இருக்கிறது, 1984-இல் திறந்தது. முழு நிகழ்ச்சி பல மணி நேரம் போகும், பயந்தால் ஒரு காட்சிக்கு மட்டும் சீட்டு கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். ஒருவர் தலையும் வலக்கையும், ஒருவர் இடக்கை, ஒருவர் கால். கொஞ்ச நேரத்தில் அந்த மூவரும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள், பொம்மை மூச்சு விடுவது மட்டும் தெரியும். ஓரத்தில் அமர்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே ஆள் குரல் கொடுக்கிறார், பக்கத்தில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம். அந்தக் குரல் அழும்போது மொழி ஒரு தடையே இல்லை. ஆனால் வருடம் முழுவதும் நடக்காது, உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மலைச்சாரல்:
விடுமுறை நாளையும் கவனியுங்கள். நகனோஷிமா அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கள் மூடியிருக்கும், 1970 கண்காட்சி நடந்த பூங்கா புதன்கிழமை. அந்தப் பூங்காவுக்கும் போய்விடுங்கள், கலைஞர் ஒகமோட்டோ தாரோவின் சூரியக் கோபுரம் 70 மீட்டர் உயரத்தில் நிற்கிறது, உள்ளே உயிர்மரம் என்ற பெரிய சிற்பம், 2018-இலிருந்து மறுபடி உள்ளே விடுகிறார்கள். அதற்கும் முன்பதிவு செய்வது நல்லது.