பழைய மசி உழவு மிசினுக்குப் பின் சில்லுப் பாரம்: தண்ணீரா, இரும்பா?

வட்டக்கச்சியில் இருந்து:
அப்பாவின் மசி பேர்கசன் 35 உழவு மிசின் இப்பவும் எங்கள் வளவில்தான் நிற்கிறது. மீள்குடியேறி வந்தபிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டி, பின் ரயர் இரண்டும் புதிதாகப் போட்டோம். மேட்டுக்காணியில் கொத்துக்கலப்பை இறக்கினால் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். கராஜில் சொன்னபடி பாரத்துக்காக ரியூப்பில் தண்ணீர் விட்டோம். ஜக்கில் தூக்கி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, அந்த மட்டத்துக்கு நிரப்பி, மிச்சத்துக்குக் காற்று. ஒரு சில்லுக்கே 100 லீற்றருக்கு மேல் போனது. மேட்டில் நல்லாய் இழுத்தது. எங்களுக்குச் சரியான சந்தோசம்.

காலபோகத்தில், மாரி நெல் விதைப்புக்கு, அதே தண்ணீரோடு வயலில் இறக்கியதுதான் பிழை. மூன்றாம் சுற்றில் வலப்பக்கம் அச்சுவரை தாழ்ந்தது. இன்னொரு மிசினில் சங்கிலி போட்டு இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அது பரவாயில்லை. சேற்றுக்குக் கீழே இருந்த கெட்டி மண் அந்த இடத்தில் உடைந்துபோனதுதான் பெரிய நட்டம். அடுத்த போகமும் அதே இடத்தில் சில்லு இறங்கியது. வெறும் சில்லோடு போயிருந்தால் அந்த மண் தாங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். இதே மாதிரிப் பட்டவர்கள் என்ன செய்தீர்கள்?

ஒட்டுசுட்டானில் இருந்து:
தம்பி, என்னிடம் நிற்பது மசி 135. நான் தண்ணீர் விடுவதில்லை, பின் சில்லில் மாட்டும் இரும்புத் தட்டுத்தான். ஒரு தட்டை மாட்ட இரண்டு பேர் வேண்டும், ஆனால் சேற்றுக்கு முன் கழற்றிவிடலாம். சேற்றில் பாரம் பிடிப்பைத் தராது, தாழத்தான் வைக்கும். அங்கே கூட்டுச் சில்லுதான் (கூடு மாதிரியான இரும்புச் சில்லு) வேலை செய்யும்.

பாரம் போட முதல் ஒன்றைப் பாருங்கள். மசி பேர்கசன் கம்பனி இந்த மிசின்களைப் பாரம் குறைவாகச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. மண் கலப்பையை இழுத்துப் பிடிக்கும்போது ஐதரோலிக் (எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் பகுதி) அதை உணர்ந்து கலப்பையைச் சற்றுத் தூக்கும். அந்தப் பாரம் பின் சில்லில் வந்து இறங்கும். இருக்கைக்கு வலப்புறம் உள்ள இரண்டு கோல்களில் ஒன்று அதற்குத்தான். பலர் அதைத் தொடுவதே இல்லை. அது ஒழுங்காக வேலை செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

பிறகு சோக்கட்டியால் பின் ரயரில் ஒரு கோடு. கலப்பை மண்ணில் இருக்க அந்தச் சில்லு 10 தரம் சுற்றும்வரை ஓடி, தொடக்கத்திலும் முடிவிலும் தடி நடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தை ஓடி, சில்லு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எட்டரை, 9 வந்தால் பாரம் அளவு. 8க்குக் கீழே என்றால் சறுக்கல் கூட, பாரம் வேண்டும். கிட்டத்தட்ட 10 வந்தால் வீண் பாரம் சுமக்கிறீர்கள், டீசலும் போகும், கியர்ப்பெட்டியும் தேயும்.

பின்னால் இழுக்கும் பெட்டியில் நெல் மூட்டை ஏற்றி வரம்பேறும்போது முன் சில்லு எழும்பினால் பின்னுக்குப் பாரம் கூட்டாதீர்கள். அதற்கு முன்பக்கம்தான் பாரம் வேண்டும். பெட்டியைக் கீழ்க் கொளுக்கியில்தான் பூட்ட வேண்டும். அச்சுக்கு மேலே எங்கேயும் பூட்டினால் மிசின் பின்னுக்குக் கவிழும். இதில் மட்டும் விளையாட வேண்டாம்.

கண்டாவளையில் இருந்து:
தண்ணீரில் கல்சியம் குளோரைட்டு கலக்கச் சொல்வார்கள். அது தண்ணீர் உறையும் குளிர் நாட்டுக்காரரின் தேவை. பாரம் கொஞ்சம் கூடும், ஆனால் ரியூப் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். எங்கள் பக்கத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். தண்ணீர்தான் விடப்போகிறீர்கள் என்றால் வாய்க்கால் தண்ணீரை வடித்து விடுங்கள்.

வட்டக்கச்சியில் இருந்து:
நன்றி அண்ணை. நேற்றே தண்ணீரை இறக்கினேன். வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியைக் கழற்றியதும் கறுத்த தண்ணீர் முழங்கை வரை பீச்சியடித்தது. கடைசித் தண்ணீர் காற்றடித்தபிறகுதான் வந்தது. இன்று காலை மேட்டுக்காணியில் சோக்கோடு போட்டு ஓடினேன், பத்துக்கு ஏழரை. அந்தக் கோலையும் சரியாக வைத்து ஓடினேன், எட்டு. இன்னும் கொஞ்சம் பாரம் வேண்டும். 35க்குப் பொருந்தும் இரும்புத் தட்டு ஒரு சோடி விற்க வைத்திருந்தால் சொல்லுங்கள், புழுதி விதைப்புக்கு முன் வந்து ஏற்றுகிறேன்.