குட்டிப் பீங்கான் கிண்ணத்தை ஓ.டி.ஜி.யிலயும் இட்லிக் கொப்பரையிலயும் வைக்கலாமா?

புளியரை_அடுக்களை கேட்டது:

வணக்கம். புட்டிங் செய்யுற மாதிரி குட்டிப் பீங்கான் கிண்ணம் ஆறு வாங்கியிருக்கேன். ரமெக்கின்னு சொல்றாங்களே, அதுதான். வாய் அகலம் 8 செ.மீ., விளிம்பு வரைக்கும் 140 மி.லி. பிடிக்குது. அடியில எந்த முத்திரையும் கிடையாது. வீட்ல கேஸ் அடுப்பு, ஓ.டி.ஜி. (மேசை மேல வைக்கிற சின்ன கரண்ட் அவன்), மைக்ரோவேவ் மூணும் இருக்கு. எதுல வைக்கலாம், எதுல கூடாது? இட்லிக் கொப்பரையில ஆவிக்கு வச்சா தாங்குமா? ஒரு கிண்ணத்துல மட்டும் உள்பக்கம் மயிரிழையாக் கோடு கோடாத் தெரியுது, ஆனா தண்ணி ஒழுகல. அதுல நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைக்கலாமா? கஸ்டர்ட் தவிர வேற என்ன செய்யலாம்னும் சொல்லுங்க.

சூளைப்பக்கம் எழுதியது:

முத்திரை இல்லாத கிண்ணத்துக்கு அடிவளையம்தான் ஜாதகம். கவுத்துப் பாருங்க, கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி மினுக்குற மேல்பூச்சு, படாத சொரசொரப்பான வளையம் ஒண்ணு இருக்கும். ரெண்டு நாள் வெயில்ல காயவச்சு அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. சொட்டு அப்படியே நின்னா ஸ்டோன்வேர் இல்லாட்டி போர்சலின், 1200 டிகிரியும் அதுக்கு மேலயும் சுட்டதா இருக்கும். உடனே உறிஞ்சிட்டா அதைவிடக் குறைஞ்ச சூட்டுல சுட்ட மண்பாண்ட வகை. இன்னும் உறுதியாத் தெரியணும்னா காஞ்ச கிண்ணத்தை சமையல் தராசுல நிறுத்து, ராத்திரி பூரா தண்ணியில ஊறவச்சு, துடைச்சுட்டு மறுபடி நிறுங்க. 200 கிராம் கிண்ணம் ரெண்டு மூணு கிராம் கூடினா பயப்பட வேண்டாம். பத்து கிராம் கூடிச்சுன்னா அதை பரிமாறுறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

நம்ம புளியரை, செங்கோட்டைப் பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம். சாரல் நேரத்துல அடிவளையம் குடிச்ச ஈரம் நாள் கணக்கா வெளியேறாது. அந்தக் கிண்ணத்தை மைக்ரோவேவ்ல வச்சா உள்ள இருக்குற தண்ணி ஆவியாகி முட்டும், கிண்ணம் கை சுடும், சிலது பிளந்தே போகும். ரயில் பாதையில நமக்கு அந்தாண்ட, கேரளாவுல கொல்லம் பக்கம் இருக்குற குண்டரா வெள்ளைக் களிமண்ணுக்குப் பேர் போன ஊருங்கிறதால "நல்ல மண்ணு, தாங்கும்"னு சிலர் சொல்லுவாங்க. மண்ணு மட்டும் நல்லா இருந்து பிரயோஜனம் இல்லை, எந்தச் சூட்டுல சுட்டாங்கங்கிறதையும் பாக்கணும்.

உடையுறதுக்குக் காரணம் அதிகச் சூடு இல்லை, திடீர் மாற்றம். பீங்கான் சூட்டை மெதுவாத்தான் கடத்தும். அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. சூடான கிண்ணத்தோட வெளித்தோல் சட்டுனு ஆறும்போது அது சுருங்கப் பாக்கும், உள்பக்கம் இன்னும் விரிஞ்சே நிக்கும். அந்த இழுவையிலதான் விரிசல் விடும். அதனால ஏத்தும்போது எடுக்குற கவனத்தைவிட இறக்கும்போது கூடுதல் கவனம் வேணும். ஈரமான கடப்பாக் கல் மேடையில சுடச்சுட வைக்கவே கூடாது. காஞ்ச துண்டை நாலா மடிச்சுப் போட்டு அதுமேல வைங்க, இல்லைன்னா மரப்பலகை. ஈரப் பிடிதுணியும் வேண்டாம்.

கேஸ் தீ மேல நேரா வைக்காதீங்க. கீழ தோசைக்கல் போட்டாலும் அடி மட்டும்தான் சுடும், அதனால அதுவும் கூடாது. ஓ.டி.ஜி.யில கிரில் மோடு வேண்டாம், மேல்கம்பிக்குப் பக்கத்துத் தட்டும் வேண்டாம், நடுத்தட்டுல வைங்க. முத்திரை இல்லாத கிண்ணத்தை, அடுப்பு சூடாகுறதுக்கு முன்னாடியே உள்ள வச்சு, கூடவே சூடேற விடுறதுதான் பாதுகாப்பு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா ஒரு மணி நேரம் வெளியில வச்சுட்டு அப்புறம் அடுப்பு.

மைக்ரோவேவுக்கு: காலிக் கிண்ணத்தையும் பக்கத்துல ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியையும் வச்சு ஒரு நிமிஷம் ஓடவிடுங்க. தண்ணி சூடாகி கிண்ணம் சாதாரணமா இருந்தா சரி. கிண்ணம் சுட்டா அந்த வேலைக்கு ஆகாது. தங்க வரி, வெள்ளி வரி போட்டது பொறி பறக்கும், அதை உள்ளயே விடாதீங்க.

பரணிக்காரி எழுதியது:

அந்தக் கோடு விழுந்த கிண்ணத்துக்கு மட்டும் பதில் சொல்றேன் அக்கா. சூளையில இருந்து ஆறும்போது கிளேஸ் உடம்பைவிட அதிகமாச் சுருங்கினா அது இழுபட்டுத் தெறிக்கும். உடம்பு ஈரம் குடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உப்பினாலும், வருஷம் கழிச்சுக்கூட கோடு விழும். அதுல ஊறுகாய் போடாதீங்க. உப்புத் தண்ணி கோடு வழியா உள்ள போய்க் காஞ்சு பொரியும், அந்த உப்பே கிளேஸைச் செதில் செதிலாத் தள்ளும். அந்தச் செதில் ஊறுகாயில கலக்கும். எண்ணெய், முட்டை உள்ள இறங்கினாலும் தேச்சு எடுக்க முடியாது, நாறும்.

கோடு இல்லாத மத்த அஞ்சுலயும் புளிப்பு நாள்கணக்கா இருக்க வேண்டாம். என்ன கிளேஸ்னு தெரியாத கிண்ணத்துல, அதுவும் உள்பக்கம் அடர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வண்ணமோ ஒட்டுப் படமோ இருந்தா, ஈயம், காட்மியம்னு விஷ உலோகங்கள் இருக்க வாய்ப்புண்டு. புளி, எலுமிச்சை, தக்காளி, வினிகர் எல்லாம் அதை இழுத்து வெளிய எடுக்கும். ஆய்வுக்கூடத்துல சோதிக்கிறதே 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊத்தி வச்சுத்தான், வினிகர் அளவு புளிப்பு அது. ஒரு நாளுக்கே அப்படின்னா மாசக்கணக்கா நார்த்தங்காய் கிடந்தா என்ன ஆகும்னு யோசிங்க. சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்ல இதுல சமரசமே கூடாது. ஊறுகாய்க்கு உப்பு கிளேஸ் (சூளையில உப்பைப் போட்டு ஏத்துற மினுக்கு) போட்ட பழைய பழுப்புப் பரணிதான், அதாவது ஜாடிதான் சரி, அதுவும் கோடு விழாததா இருக்கணும்.

ஆவிக்கொப்பரை எழுதியது:

இட்லிக் கொப்பரைதான் இந்தக் கிண்ணத்துக்கு ஓ.டி.ஜி.யைவிட நல்ல இடம். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. ஒரு விஷயம் மட்டும்: தண்ணி பச்சையா இருக்கும்போதே கிண்ணத்தை உள்ள வச்சு அப்புறம் பத்தவைங்க. தளதளன்னு கொதிக்கும்போது உள்ள வச்சா கிண்ணம் விரிசல் விடும்.

மலைக்கு அந்தப் பக்கம் செய்யுற கிண்ணத்தப்பம் இதுல அருமையா வரும். பச்சரிசி 200 கிராம் நாலு மணி நேரம் ஊறவச்சு, 400 மி.லி. தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி வெண்ணெயா அரைங்க. சர்க்கரை 150 கிராம், ஏலக்காய் மூணு, ஒரு சிட்டிகை உப்பு போட்டு வடிகட்டுங்க. கிண்ணத்துல நெய் தடவி 100 மி.லி. ஊத்தினா ஆறு ஏழு கிண்ணம் வரும். அரிசி அடியில இறங்கிரும், அதனால ஒவ்வொரு கரண்டிக்கும் கலக்கி ஊத்தணும். இல்லைன்னா முதல் கிண்ணம் தண்ணி, கடைசிக் கிண்ணம் களி. மேல தூவ வேகவச்ச கடலைப்பருப்பும் சீரகமும் போதும். கிண்ணத்தை ஃபாயில்ல மூடாட்டி மூடியில இருந்து சொட்டு விழுந்து நடுவுல பள்ளம் விழும். எவர்சில்வர் தட்டுல கால் மணியில வேகுறது இதுல ஆவி வந்த பிறகு 25 நிமிஷத்துக்கு மேல ஆகும், பீங்கான் கனம் அப்படி. கத்தி நுனி ஒட்டாம வந்ததும் அணைச்சு, மூடியைத் திறந்து பத்து நிமிஷம் அங்கேயே விடுங்க.

கஸ்டர்ட் செஞ்சா முட்டை 2, பால் 250 மி.லி., சர்க்கரை 40 கிராம். ஆழமான தட்டுல கிண்ணங்களை வச்சு, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊத்தி 160 டிகிரியில 30, 35 நிமிஷம். கொதிநீர் வேண்டாம், விரல் வச்சா உடனே எடுக்குற சூடு போதும். தட்டை ஆட்டினா ஓரம் நின்னு நடு மட்டும் ததும்பும்போது எடுத்துருங்க. கெட்டியாகுற வரைக்கும் விட்டா திரிஞ்சு ஓட்டை ஓட்டையா வரும்.

புளியரை_அடுக்களை:

ரொம்ப நன்றி. சொட்டு நாலு கிண்ணத்துல நின்னுச்சு, ஒண்ணு உறிஞ்சிருச்சு. அப்போ அந்த உறிஞ்சுனதையும் கோடு விழுந்ததையும் சூடம் ஏத்த வச்சுக்கலாமா?

சூளைப்பக்கம்:

வேண்டாம். சூடம் ஒரே புள்ளியில எரியும், சாம்பிராணிக் கரியும் அப்படித்தான், அடி ரெண்டாப் போகும். அடியில காஞ்ச மணல் கனமாப் பரப்பி அதுமேல வச்சா தாங்கும், ஆனா அதுக்கப்புறம் அந்தக் கிண்ணம் சமையல் பக்கம் வரக்கூடாது. உறிஞ்சுனதுல உப்பு, புளி இல்லாத காஞ்ச சாமான் வைங்க: ஏலக்காய், கிராம்பு, தாளிக்க எடுத்து வைக்கிற கடுகு உளுந்து. அடியில நகப்பூச்சால ஒரு புள்ளி வச்சிருங்க, வீட்ல வேற யாரும் தெரியாம அடுப்புல வைக்க மாட்டாங்க.