மடித்து வைக்கிற மாதிரி தீபாவளி வெளி விளக்கு: யோசனை வேண்டும்

சாட்ஸ்வொர்த்_வாசி
எல்லாருக்கும் வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம், பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய வீடு, கராஜ் கிடையாது. தீபாவளிக்கு வீட்டு முன்பக்கம் விளக்கிலேயே பெரிய மயில் ஒன்று நிற்கவேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. கடையில் கம்பிச் சட்டத்தில் வருகிற உருவங்கள் அழகுதான், ஆனால் மடக்க முடியாது, வருஷம் முழுக்க அரை அறையை அடைத்துக்கொள்ளும். என்னிடம் இருக்கிற இடம் கட்டிலுக்கு அடியில் 20 செ.மீ. உயரம், அவ்வளவுதான். தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடுகளும் நிறைய, அதனால் டிசம்பரில் அதே விளக்கை வைத்து ஒரு நட்சத்திரமும் போட முடிந்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். மழை, கடல் காற்று, குரங்கு மூன்றையும் தாங்கணும். எப்படிச் செய்யலாம்?

வெருலம்_மாமா
தம்பி, மயிலை வரைய உட்காருவதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் அளவு எடு. படத்தை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் மடிப்பைத் தேடினால் மடிப்புக் கோடு சரியாக மயிலின் கழுத்தில் வந்து நிற்கும், நான் பார்த்த பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கோரெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் போர்டு வாங்கு, தேர்தல் சமயத்தில் விளக்குக் கம்பம் முழுக்கக் கட்டுகிறார்களே அதே போர்டுதான். முழுத் தகடு 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர். மூன்றாக மடித்தால் ஒவ்வொரு பாகமும் சுமார் 80 செ.மீ. அகலம், கட்டிலுக்கு அடியில் தாராளமாகப் போகும். உள்ளே குழல் குழலாக இருக்கும், அந்தக் குழல் மடிப்புக் கோட்டின் திசையிலேயே ஓடவேண்டும், கடையிலேயே பார்த்து வாங்கு. எந்தப் பக்கம் மடியணுமோ அதற்கு எதிர்ப்பக்கத் தோலை மட்டும் பிளேடால் கீறு, மறுபக்கத் தோல் அப்படியே கீலாக வேலை செய்யும், தனியாக ஆணி கீல் எதுவும் வேண்டாம்.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. பிக்சல் விளக்கு, அதாவது ஒவ்வொன்றும் தனித்தனியாக நிறம் மாறுகிற சின்ன எல்இடி வரிசை, அதன் தலை முன்னால் கொஞ்சம்தான் நீட்டும், பின்னால் உடம்பும் வயரும் இரண்டு விரல் கனத்துக்கு நிற்கும். ஆகவே முதுகோடு முதுகு சேருகிற மடிப்பில் ஒரே கீறல் போட்டால் போர்டு மூடாது, அமுக்கினால் வயர் நசுங்கும். அங்கே 8 செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு கீறல் போடு, தடித்த புத்தகத்தின் முதுகு மாதிரி நடுவில் ஒரு பட்டை நிற்கும். விளக்குக்கு 12 மில்லிமீட்டர் துளை போதும், அழுத்தினால் கவ்விக்கொள்ளும். அப்புறம் விளக்கைக் கழற்றவே கழற்றாதே. போர்டோடு சேர்த்து மடி, அடுத்த வருஷம் விரித்து மாட்டு.

தோகையில் விளக்கு இல்லாத இடங்களை வெட்டி எடுத்துவிடு, காற்று உள்ளே புகுந்து போகட்டும், இல்லாவிட்டால் வடகிழக்குக் காற்று அடிக்கிற சாயங்காலம் முழுப் போர்டும் பாய்மரம் ஆகிவிடும்.

பீனிக்ஸ்_அக்கா
மாமா சொன்னது சரி, ஆனால் கரண்ட் பக்கமும் இப்போதே யோசிக்கணும் தம்பி. 5 வோல்ட் பிக்சல் வாங்காதே. ஒரு பிக்சல் முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 50 பிக்சல் என்றால் 3 ஆம்பியர், வயர் நீள நீள வோல்டேஜ் இறங்கி வரிசையின் கடைசியில் வெள்ளை சிவந்துபோய்த் தெரியும். 12 வோல்ட் எடு. மூன்று பாகத்துக்கும் தனித்தனியாகக் கரண்ட் கொடுத்தால் தோகையின் ஓரமும் தலையும் ஒரே நிறத்தில் எரியும். மின்வெட்டு வந்தாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம்.

அடாப்டர் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் இருக்கட்டும், வெளியே 12 வோல்ட் வயர் மட்டும் போகட்டும். 230 வோல்ட் இணைப்பை வெளியே வைத்தால் முதல் மழையிலேயே எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழுந்து வீட்டுப் பிளக் எல்லாம் நின்றுவிடும், திரும்பத் திரும்ப விழுகிறதே என்று அதைத் தவிர்த்து வயர் போட மட்டும் யாரையும் விடாதே, உயிரைக் காக்கிற சாதனம் அது. வெளி இணைப்புகளின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், ஊசியில் கொஞ்சம் வாசலின் தடவு, கடல் காற்றில் பச்சை பூக்காது.

குரங்குக்கு வழி ஒன்றுதான்: தொங்குகிற நுனி எதுவும் இருக்கக்கூடாது. பிடித்து இழுக்க ஒரு வயர் கிடைத்தால் போதும் அதற்கு.

கடலோரத்_தச்சன்
விளக்கைக் கழற்றவே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மாமா. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பு படியும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மூடணும். அதைப் போர்டிலேயே செய்யலாம் என்றால் சரி. ஆனால் கூரைத் தகட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள், அந்த வெக்கையில் வயரின் உறை பிசுபிசுத்துப் போகும்.

சாட்ஸ்வொர்த்_வாசி
ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், தோகையில் எங்கே வெட்டுவது என்று அவர்களே பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். நட்சத்திரத்துக்கும் கோரெக்ஸ்தானா? அந்த விளக்கைப் போர்டிலிருந்து எடுக்காமல் முடியுமா?

கடலோரத்_தச்சன்
எடுக்காதே, நட்சத்திரத்துக்குத் தனியாகச் சின்ன வரிசை ஒன்று வாங்கு, அடாப்டர் மட்டும் மயிலோடது போதும். சட்டத்துக்கு வயர் போகிற 20 மில்லிமீட்டர் பிவிசி குழாய். 4 மீட்டர் குழாய் இரண்டு வாங்கினால் 1.1 மீட்டர் துண்டு ஆறு கிடைக்கும். ஐந்து துண்டை நுனியோடு நுனி போல்ட் போட்டு விரித்தால் ஐந்து முனை நட்சத்திரம், குறுக்கே வெட்டுகிற இடங்களை வெல்க்ரோ பட்டையால் கட்டு. ஆறாவது துண்டை மயிலின் முதுகுக்கு முட்டுக் கொடு.

மடிக்கும்போது ஒரு போல்ட்டைக் கழற்றியே ஆகவேண்டும், ஐந்து பக்கமும் ஒரே நீளம், மூடிய வளையமாக அது தட்டையாக மடியாது. ஒன்றைக் கழற்றினால் தச்சர் மடக்கு அளவுகோல் போல வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிடும். ஒவ்வொரு முனையிலும் விளக்கு வயரை ஒரு விரல் தளர்த்திக் கட்டு, இறுக்கிக் கட்டினால் மடிக்கிற இடத்தில் உள்ளே செம்பு அறும். கழற்றுகிற போல்ட்டுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடு, டிசம்பரில் தேட வேண்டியிருக்காது.