மும்பைக்குப் புதிது, வெள்ளிக்கிழமை அப்பா வருகிறார்: சோர் பஜார், பழைய தெரு, பூங்கா யாரோடு போவது?

கிள்ளான் மகள்:
எல்லோருக்கும் வணக்கம். மலேசியாவிலிருந்து வேலை மாற்றலாகி மும்பை வந்திருக்கிறேன். வீடு, அலுவலகம், மறுபடி வீடு, அவ்வளவுதான் நான் பார்த்த மும்பை. இந்தி சுத்தமாக வராது. வெள்ளிக்கிழமை காலை அப்பா வருகிறார், மறு சனிக்கிழமைதான் கிளம்புவார். பழைய இசைத்தட்டு, கேமரா, சினிமா போஸ்டர் என்றால் சாப்பாடுகூட வேண்டாம் அவருக்கு. சோர் பஜார் என்ற பழம்பொருள் சந்தை, பழைய தெரு, பூங்கா எல்லாம் மகள் சுற்றிக் காட்டுவாள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். டூர் பஸ் கூடாதாம், ஊர்க்காரர்களோடுதான் போகவேண்டுமாம். எங்கள் கட்டடத்து வாட்ச்மேனைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. அவசரம், யாராவது சொல்லுங்கள்.

தானே பையன்:
முதலில் எஃப்ஆர்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், பதிவு முடித்தாகிவிட்டதா? 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். சோர் பஜார் எங்கேயும் ஓடிப்போகாது.

கிள்ளான் மகள்:
அதெல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது அண்ணா. சோர் பஜார்?

தாராவி அண்ணாச்சி:
தங்கச்சி, நான் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவி தொண்ணூறடி ரோட்டில் இறங்கியபோது எனக்கும் இந்தி தெரியாது. அப்போது கூகிள் மேப்பா இருந்தது? விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும், தூங்கிவிட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. பூங்காவாவது ஒன்றாவது. ‘கித்னா’ (எவ்வளவு), ‘ஜ்யாதா ஹை’ (அதிகம்) இரண்டையும் வைத்துக்கொண்டே கடை போட்டேன். உங்களுக்கும் அது போதும். சோர் பஜாருக்கு வெள்ளிக்கிழமைதான் போகவேண்டும்.

மாட்டுங்கா மாமி:
வெள்ளிக்கிழமை போகவே போகாதேம்மா! சோர் பஜார் இருக்கிற மட்டன் தெருவில் கடையெல்லாம் பூட்டியிருக்கும். வெயிலில் அப்பாவை அலையவிடாதே. மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு வா. ஆஸ்திக சமாஜம் கோவில், வாசலில் பூக்கடை, இட்லிக்கு கஃபே மெட்ராஸ், இலைச் சாப்பாட்டுக்கு 1942லிருந்து நடக்கும் ராமா நாயக் உடுப்பி. பக்கத்திலேயே பார்சி காலனி ஃபைவ் கார்டன்ஸ், மரத்தடியில் நாள் முழுக்க உட்காரலாம்.

பழைய தட்டு:
அண்ணாச்சி சொல்வதும் சரி, மாமி சொல்வதும் சரி. மட்டன் தெருவின் நிரந்தரக் கடைகளுக்கு வெள்ளி விடுமுறை. அன்றைக்கு விடியற்காலையில் தெருவிலேயே துணி விரித்து ஜும்மா பஜார், அதாவது வெள்ளிச் சந்தை, போடுவார்கள். டார்ச்சோடு வருகிறவர்கள் நல்லதை அள்ளிவிடுவார்கள், பத்து மணிக்குப் போனால் பழைய செருப்பும் சார்ஜரும்தான் மிஞ்சும்.

அப்பாவிடம் இதைச் சொல்லிவையுங்கள். பளபளக்கும் பித்தளைக் குழாயும் எச்எம்வி நாய்ப் படமுமாகக் கடை வாசலில் நிற்கும் கிராமபோன்களில் பெரும்பாலானவை புதிதாகக் கோத்தவை. பழையதாகத் தெரியவே அழுக்கேற்றியிருப்பார்கள். தட்டு நிஜம். ஆனால் 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, பெட்டியில் போட்டால் பாதி வழியில் உடையும். பிளாஸ்டிக்கில் செய்த எல்பி தட்டு வாங்குவது மேல், விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்து வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேமராவென்றால் லென்ஸை வெளிச்சத்தில் காட்டுங்கள், இந்த ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கும். போஸ்டரில் மடித்த கோடு, ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இரண்டும் இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். கேட்ட விலையில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள்.

இன்னொன்று. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை, கையெழுத்துச் சுவடிக்கு 75 வருடம். கடைக்காரர் ‘இருநூறு வருஷம் பழசு’ என்று பெருமையடித்தால் ஒன்று பொய், இல்லையென்றால் ஏர்போர்ட்டில் வம்பு.

தானே பையன்:
பழையது என்றதும் ஞாபகம் வருகிறது. கலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடையை 2016இல் மூடிய பிறகு அந்தப் பக்கமே போகப் பிடிக்கவில்லை.

கோரேகாவ் குமுறல்:
இந்த ஊரில் ஊர்க்காரர்களோடு பழகுவதா? வீடு பார்க்கப் போனபோது முதல் கேள்வியே மீன் சாப்பிடுவீர்களா என்பதுதான். ஆமாம் என்றதும் தரகர் பேச்சையே மாற்றிவிட்டார். லிஃப்டில் யாரும் முகம்கூடப் பார்ப்பதில்லை.

தாராவி அண்ணாச்சி:
கட்டட வாசிகளுக்கு அப்படித்தான். சாலில், அதாவது பொதுக் கக்கூஸ் வைத்த வரிசை வீடுகளில், இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக் குழம்பு வந்திருக்கும்.

கோரேகாவ் குமுறல்:
குழம்பு வரும், கக்கூஸுக்கு வரிசையும் வரும் அண்ணாச்சி.

சயான் அக்கா:
குழம்பை இறக்கி வையுங்கள், அந்தப் பெண் வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டும். தங்கச்சி, எந்தப் பகுதியில் இருக்கிறாய் என்று இத்தனை பேரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

கிள்ளான் மகள்:
பவாய் அக்கா.

சயான் அக்கா:
அப்படியென்றால் மாட்டுங்காவும் சோர் பஜாரும் ஒரே ரயில் பாதைதான். காஞ்சூர்மார்க் வரை ஆட்டோ, அங்கிருந்து சென்ட்ரல் பாதையில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ ரயில். மாட்டுங்கா, பைகுல்லா, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு மூன்றும் வரிசையாக வரும். மாட்டுங்கா ரோடு என்பது வெஸ்டர்ன் ஸ்டேஷன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர். மாறி இறங்கிவிடாதே. ஆட்டோவிலேயே போய்விடலாம் என்றும் நினைக்காதே, சயானைத் தாண்ட அதற்கு அனுமதியில்லை.

வெள்ளி அவர் தூங்கட்டும். சனி பதினொரு மணிக்கு மேல் மட்டன் தெரு. ஞாயிறு சீக்கிரமே மாட்டுங்கா, பதினொரு மணிக்குப் பிறகு பராமரிப்புக்காக ரயிலைக் குறைக்கும் மெகா பிளாக் போட்டால் திரும்புவது பாடு. கஃபே மெட்ராஸ் வரிசையும் அதற்குள் நீண்டுவிடும். திங்கட்கிழமை போரிவலி தேசியப் பூங்கா மூடல், புதன்கிழமை பைகுல்லா ராணி பாக் மிருகக்காட்சிப் பூங்கா மூடல். அங்கே அப்பாவுக்குப் பிடிக்கிற மாதிரி 1872இல் திறந்த பாவு தாஜி லாட் மியூசியமும் உள்ளேயே இருக்கிறது, செவ்வாயோ வியாழனோ போ. வெஸ்டர்ன் பாதையில் சர்னி ரோட்டில் இறங்கி, பழைய குடியிருப்பான கோட்டாச்சி வாடியின் மர வீடுகளைப் பார்க்கலாம், ஆனால் வாசலில் நின்று படமெடுக்கும் முன் கேட்டுவிடு, ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். ஊர்க்காரர் யாரும் அமையாவிட்டால் காக்கி டூர்ஸ் நடத்தும் நடைகள் உண்டு, பஸ் கிடையாது, காலால்தான்.

மறு வெள்ளி விடியற்காலை ஜும்மா பஜார். பெண் தனியாக அந்த நேரத்தில் வேண்டாம், தட்டு சார் வருவாரா?

பழைய தட்டு:
நான் வாராவாரம் போகிறவன்தான். பைகுல்லா ஸ்டேஷன் வாசலில் ஐந்தரைக்கு நிற்கிறேன். சில்லறை நோட்டு கொண்டுவாருங்கள், பர்ஸை முன் பாக்கெட்டில் வையுங்கள்.

மாட்டுங்கா மாமி:
ஞாயிறு எங்காத்து மாமா வருவார். கோவில் வாசலில் ஏழு மணிக்கு.

கிள்ளான் மகள்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி! சொல்ல மறந்துவிட்டேன், அப்பாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது.

சயான் அக்கா:
இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! போரிவலியில் கன்ஹேரி குகைக்குப் போக வேண்டாம், அத்தனையும் படி. ரயிலையும் விடு. மட்டன் தெருவுக்கு வீட்டிலிருந்தே டாக்ஸி, தெரு முனையில் இறங்கிக்கொள்ளுங்கள், உள்ளே வண்டி நகராது.