பழைய ஓட்டு வீட்டில் குடியிருப்பவர்களே, எதற்குச் செலவழித்தீர்கள், எதை மிச்சம் பிடித்தீர்கள்?

வெட்டாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்)

நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு. தாத்தா கட்டிய வீடு. சென்னை வாடகையை விட்டுவிட்டு இங்கே குடிவந்து சில வருஷமாகிறது. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எதுக்கு இதோட மல்லுக்கட்டிக்கிட்டு? இடிச்சிட்டு ஒரு தளம் போட்டுடலாமே." தளம் போட வாங்கும் கடனுக்கு வட்டி கட்டுகிற பணத்தில் இந்த வீட்டைத் தாராளமாகப் பராமரிக்கலாம். ஆனால் சும்மா விட்டுவிட்டால் மலிவு கிடையாது. வருஷா வருஷம் கொஞ்சம் கைவைத்தே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் கூரை வேலை புரட்டாசியில். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்திருக்கும், ஐப்பசி மழை இன்னும் வந்திருக்காது. ஆடிக்கு முன்பே அடுக்கினால் காற்று மறுபடி ஓட்டை நகர்த்திவிடும், இரண்டாவது தடவை கூலி அழ வேண்டும். நாட்டு ஓட்டுக்கு ஆணி கிடையாது, சாந்து கிடையாது. மல்லாத்தி வைத்த வரிசை, அதன் இடுக்கை மூடக் கவிழ்த்து வைத்த வரிசை, அவ்வளவுதான். தன் எடையில் உட்கார்ந்திருக்கிறது. பூனை ஓடினாலே ஒன்றிரண்டு இடம் மாறும்.

ஒழுகல் கண்டுபிடிப்பதுதான் வித்தை. சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கவே இருக்காது. தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, எங்கேயோ வந்து சொட்டும். எங்களுக்கு ஓடு மாற்ற வரும் பெரியவர் உச்சி வெயிலில்தான் வருவார். கதவு ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு இருட்டில் அண்ணாந்து பார்ப்பார். எங்கே வெளிச்சம் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கே ஒரு நீள ஈர்க்குச்சியைக் கீழேயிருந்து செருகிவிடுவார். அப்புறம் மேலே ஏறி, குச்சி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும் ஓட்டைத் தூக்கி வைப்பார். ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். 'டங்' என்றால் மறுபடி கூரைக்கு. 'டொப்' என்றால் விரிசல், கீழே போய்விடும். கூரையை முழுக்கப் பிரிக்கவே தேவையில்லை.

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த வீட்டுக்குப் பணத்தைவிட ஆள்தான் பஞ்சம். உங்கள் பக்கமெல்லாம் எப்படி?

நாஞ்சில்வாசி (கன்னியாகுமரி மாவட்டம்)

உங்களுக்கு ஒரு மழை, எங்களுக்கு ரெண்டு மழை அண்ணே. ஜூனிலும் பெய்யும், அக்டோபரிலும் பெய்யும். அதனால் இங்கே கோடையிலேயே கூரையேறிவிடுவோம். எங்களது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் 1865இல் மங்களூரில் ஆலை வைத்துச் சுடத் தொடங்கிய வகை. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி விளிம்பு இருப்பதால் நாட்டு ஓடு அளவுக்கு நகராது. ஆனால் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் உளுத்துப்போனால் ஒரு வரிசையே சரியும். ஓட்டை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், ரீப்பரை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே சுலபமாக இறங்கினால் அதை மாற்ற வேண்டும்.

கழித்த ஓட்டைக் குப்பையில் கொட்ட வேண்டாம். கொல்லைப் பக்கம் குளியலறை கட்டியபோது மேல்தளக் கான்கிரீட்டுக்கு நடுவில் பழைய ஓடுகளை வைத்தோம். திருவனந்தபுரத்தில் இருந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஏகப்பட்ட வீடுகளில் செய்த முறை அது. தளத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் பெரிய பாரம் எதையும் சுமப்பதில்லை, கம்பிதான் சுமக்கிறது. அந்த இடத்தை ஓட்டால் நிரப்பினால் சிமென்ட் மிச்சம், எடை குறைவு, வெயிலும் அவ்வளவாக இறங்காது. எங்கள் கொத்தனார் முதலில் "இதெல்லாம் நிக்காது சார்" என்றார். இப்போது அவரே மற்ற வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மலையடிவாரம் (தென்காசி)

குரங்கு? அதைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. எங்கள் தெருவில் ஓடு உடைவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வெட்டாற்றங்கரை

எங்கள் பக்கம் அவ்வளவாகக் கிடையாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நாஞ்சில்வாசி

கூரைமேல் சாய்ந்திருக்கிற கிளையை வெட்டுங்கள், முற்றத்தில் வடகம் காயவைப்பதை நிறுத்துங்கள். அதற்கு மேல் செய்வதற்கு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பிவலை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஓட்டைவிட வலைக்குச் செலவு அதிகம்.

முந்திரிக்காடு (பண்ருட்டி பக்கம்)

கரையானைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊரில் உத்தரம், நிலைக்கால் எல்லாவற்றுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய்தான். கொட்டை உடைக்கும் இடத்தில் அதன் மேலோட்டிலிருந்து எடுக்கிற கறுப்பு எண்ணெய். கடையில் விற்கும் மர பாலிஷைவிட மலிவு, பூச்சி கிட்டே வராது. ஆனால் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் கிளம்பும். கையுறை, முழுக்கைச் சட்டை, மேலே பார்த்துப் பூசும்போது கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் காயும்வரை அந்த அறைப் பக்கம் விடக்கூடாது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் மற்ற அறை மரமெல்லாம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும், அடுப்படி மரம் மட்டும் கரேலென்று கல்லு மாதிரி இருந்தது. விறகடுப்புப் புகைதான். கேஸ் வந்த பிறகு அங்கேயும் மாவு கொட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மாவை மறுபடி புகையில் உட்காரச் சொல்ல முடியுமா? முடியாது. அதனால் அந்தக் கைமரத்துக்கும் இப்போது எண்ணெய். கேஸால் வந்த சௌகரியத்துக்கு இது ஒரு சின்னச் செலவு, மகிழ்ச்சியாகச் செய்கிறேன்.

கானாடுகாத்தான் வழி (சிவகங்கை மாவட்டம்)

ரிட்டயர்டு டீச்சர். பெரிய வீடு இல்லை, பெரிய வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வீடு. தம்பிகள் கூரையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் சுவருக்கு வருகிறேன்.

முன்பு இங்கே குடியிருந்தவர்கள் சுவரில் இடுப்புயரத்துக்கு சிமென்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், சிமென்ட் பூச்சுக்கு மேலே போய் உப்பாகப் பூத்தது. பூச்சு உப்பிக்கொண்டு தட்டினால் வெற்றாகச் சத்தம் கேட்கும். கடைகளில் இதற்கென்று டப்பா டப்பாவாக ரசாயனம் விற்கிறார்கள். ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சுவர் முழுக்க அந்த ரசாயனத்தை ஊசி மாதிரி ஏற்றுவதற்கு ஒரு தொகை சொன்னார், தலை சுற்றிவிட்டது. அந்தத் தொகைக்கு நான் ஒரு நல்ல பசுமாடு வாங்கலாம்.

செய்தது இதுதான். சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரை அப்படியே காயவிட்டோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூச்சு. பூசத் தெரிந்தவரைத் தேடிப் பிடிக்கத்தான் நாளாயிற்று. ஈரம் இன்றைக்கும் வருகிறது, வந்த வழியே காய்ந்தும் போகிறது. சுண்ணாம்பு மூச்சு விடும், சிமென்ட் விடாது.

வெள்ளையடிப்பது நானே. கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரியே தண்ணீரில் போட்டு ஊறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் சோற்றுக் கஞ்சி, துளி நீலம். கையில் ஒட்டாமல் இருக்கக் கஞ்சி. நீலம் சேர்த்தால் மஞ்சள் தட்டாமல் வெள்ளை எடுப்பாகத் தெரியும். சுண்ணாம்பு கொதிக்கும்போது எட்டி நில்லுங்கள், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிளாஸ்டிக் வாளியும் வேண்டாம், இளகிவிடும்.

ஒரு புகாரும் இருக்கிறது. தெருவில் சாலை போடும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுவிட்டுப் போகிறார். மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இப்போது இறங்கி நுழைகிறோம். சுவர் ஈரத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசே சொல்லியிருக்கிறது. அடுத்த முறை வேலைக்கு ஆள் வரும்போது அந்த உத்தரவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பதாக இருக்கிறேன்.

செம்மறிக்குன்று (வேல்ஸ்)

டீச்சரம்மா, நீங்கள் சொன்ன அதே கதை இங்கேயும். வேல்ஸ் கிராமம் ஒன்றில் கல்வீட்டில் இருக்கிறோம். நூறு வருஷத்துக்கு மேலான வீடு, இரண்டடி கனச் சுவர், ஓட்டுக்குப் பதில் மெல்லிய ஸ்லேட் கல் கூரை. இங்கேயும் யாரோ கல்லிடுக்கில் சிமென்ட் அடைத்திருந்தார்கள். ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கி, குளிரில் உறைந்து விரிந்து, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. தீர்வும் அதே சுண்ணாம்பு. ஒரே ஒரு வித்தியாசம், உறைபனி விழும் மாதங்களில் சுண்ணாம்புச் சாந்து இறுகாது. வசந்தம் வரை காத்திருக்க வேண்டும்.

ஸ்லேட் கல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதைப் பிடித்திருக்கும் ஆணிதான் துருப்பிடித்துப் போகிறது. அதனால் விழுந்த ஸ்லேட்டைப் பொறுக்கிப் பத்திரமாக வைத்து, அதையே திரும்ப ஏற்றுகிறார்கள்.

இங்கே செலவென்றால் குளிர்தான். கிராமத்துக்கு கேஸ் குழாய் கிடையாது, தொட்டியில் எண்ணெய் வாங்கி எரிக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து கோடையில் மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் விலை குறையும், அதனால் எங்கள் தெருவில் அதற்கென்று ஒரு பெரியம்மா நோட்டு வைத்திருக்கிறார். வீடு முழுக்கச் சூடாக்குவதில்லை. அடுப்பு இருக்கிற ஒரே அறையில் படிப்பு, சாப்பாடு, சண்டை எல்லாம். விறகு ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவிட வேண்டும். பச்சை விறகு வாங்கினால் காசு புகையாகத்தான் போகும், அதோடு புகைபோக்கிக்குள் தார் படிந்து தீப்பிடிக்கும். புகைபோக்கியைச் சுத்தம் செய்ய வருஷம் ஒருமுறை ஆள் வருகிறார். அந்தக் காசை மட்டும் நான் மிச்சம் பிடிப்பதில்லை.

பூவரசங்கதியால் (யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ)

நீங்கள் எல்லாரும் இருந்து பராமரிக்கிறீங்கள், நான் இல்லாமல் பராமரிக்கிறேன். ஊரில் அப்பாவின்ர கல்வீடு. பூட்டி வைத்த முதல் வருஷங்களில்தான் ஆகக் கெட்டுப்போனது. கூரைத் தண்ணி ஓடுற பீலி முழுக்கச் சருகு, வளவு முழுக்கப் பற்றை, வௌவால் வேறு. சுவரில் ஆலங்கன்று. ஒரு விரல் தடிப்பில் இருக்கும்போது பிடுங்கியிருந்தால் பிடுங்கின வேலைதான். வேர் கல்லிடுக்கில் இறங்கின பிறகு சுவரையே கழற்றிக் கட்ட வேண்டி வந்தது.

இப்போது ஒரு குடும்பத்தை வாடகை இல்லாமல் இருத்தியிருக்கிறம். கரண்ட் காசு அவையள் கட்டினம், வேலி அடைக்கிற செலவு எங்கட. கிடுகு கட்டி அடைக்க இப்ப ஆளும் குறைவு, அதால ஒரு பக்கம் தகரம் அடிச்சாச்சு. வடிவில்லை, என்ன செய்யிறது. ஆனால் வீட்டில் அடுப்பெரியுது, கிணத்தில் தினம் தண்ணி அள்ளினம், முத்தம் கூட்டினம். வாடகை வராதது எனக்கு நட்டமே இல்லை. சொந்தக்காரர் "சும்மா விட்டிட்டான்" என்று கதைக்கினம், கதைக்கட்டும்.

வெட்டாற்றங்கரை

பூவரசங்கதியால் சொன்ன ஆலங்கன்று எங்கள் வீட்டிலும் உண்டு, முற்றத்து மூலையில், இரண்டு சரிவும் சேருகிற தகரத்துக்குப் பக்கத்தில். காக்கா எச்சம்தான் விதை. மாதம் ஒரு தடவை ஏணி போட்டுப் பார்த்துவிடுகிறேன்.

மிச்சம் பிடித்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். இருண்ட அறைகளில் கூரைக்கு ஒவ்வொரு கண்ணாடி ஓடு வைத்ததில் பகலில் விளக்கே போடுவதில்லை. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைப் பெரும்பாலும் தாண்டாது, அதனால் கட்டணமும் இல்லை. சிவப்புக் காவித் தரைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு சரி, டைல்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. முற்றத்து மழைத் தண்ணீரை, முதல் மழையை விட்டுவிட்டு, அண்டாவில் பிடித்து வைக்கிறோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி.

ஆள் பஞ்சத்துக்கு ஒரு வழி செய்திருக்கிறோம். தெருவில் இன்னும் ஓட்டு வீடாக இருப்பவர்கள் பேசி, எல்லார் வீட்டு வேலையையும் புரட்டாசியில் அடுத்தடுத்த நாளாக வைத்துக்கொண்டோம். தொடர்ந்து வேலை கிடைக்கிறது என்பதால் பெரியவர் இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்கள் கற்றுக்கொண்டால் எங்களுக்கும் நல்லது.

கம்பியாளு (புதுக்கோட்டை)

தாமதமாக வருகிறேன். தொழில் எலெக்ட்ரீசியன், பழைய வீடுகளில்தான் பாதி வேலை. எல்லாரும் மிச்சம் பிடித்த கதையே சொல்கிறீர்கள், ஒயரிங்கில் மட்டும் அதைச் செய்யாதீர்கள். ஓட்டு வீட்டில் எலி ஒயரைக் கடிக்கும், ஒழுகிய தண்ணீர் அதில் இறங்கும், சுவரைத் தொட்டால் சுர்ரென்னும். மரப்பட்டிக்குள் ஓடுகிற பழைய ஒயர் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். புது ஒயரைக் குழாய்க்குள் விட்டு இழுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டிருக்க வேண்டும், கோடையில் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச் அது. ஃப்யூஸ் ஒயரை மட்டும் நம்பாதீர்கள், அது ஒயர் எரியாமல் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் சுவிட்ச் விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.