அச்சில் வாங்கி, திரையில் படிப்பவர்: ஒரு சொல் தேவை

நூலகர்:
அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வினாப்பட்டியல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அலமாரியில் அச்சுப் புத்தகம் இருக்கும், படிப்பதோ கிண்டில் என்னும் மின்னூல் கருவியில். இவர்களுக்கு ஒரே சொல் வேண்டும், கட்டம் சிறியது. நானும் அந்தக் கட்சிதான். தலையணைப் புத்தகத்தைப் படுத்தபடி தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. கிண்டிலில் எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

புலவர்:
இருப்புநூலர். கையில் இருப்பு, ஆகவே இருப்புநூல்.

பொறியாளர்:
ஐயா, இருப்புப்பாதை தண்டவாளம். இருப்புநூல் கம்பிச்சுருள் ஆகிவிடும். வைப்புநூலர்?

ஆசிரியை:
தம்பி, ‘வைப்பு’க்கு எங்கள் ஊரில் வேறு பொருள். ‘நீங்கள் வைப்பு வைத்திருப்பவரா?’ என்று பிள்ளைகளிடம் கேட்கவா?

புலவர்:
நூல் என்றாலே இழைதான். நன்னூலில் சொல் பஞ்சு, புலவன் நூற்பவள், வாய் கை, மதி நூற்கும் கதிர். மின்னூலில் கதிர் எது? அதே நன்னூல் முதல், வழி, சார்பு என நூலை மூன்றாக்குகிறது. அச்சு முதல்நூல், மின்வடிவு வழிநூல். ஆகவே ‘முதலுடை வழிநூலர்’.

ஆசிரியை:
வழிநூல் முதல்நூலின் முடிபோடு வேறுபாடும் காட்ட வேண்டுமே, ஐயா. கிண்டில் எந்த வேறுபாட்டைக் காட்டியது, எழுத்துருவையா?

தனித்தமிழ் அன்பர்:
முதலில் ‘புத்தகம்’ போகட்டும். பொத்தகம் என்க. மின்பொத்தகப் பயிலுநர்.

பொறியாளர்:
அண்ணா, இந்தச் சண்டையை நாளை வைத்துக்கொள்வோம். ‘உடைமை’ சொல்லில் இருந்தே ஆகவேண்டும். 2009இல் அமேசான் ஆர்வெல்லின் 1984ஐ, விற்ற பிறகு, வாசகர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. பணம் திருப்பித் தந்தார்கள், அது வேறு. அலமாரிப் பிரதியை யாரும் வந்து அழிக்க முடியாது. நான் இரண்டும் வாங்குவது அதனால்தான். உடைநூலர்?

ஆசிரியை:
வினைத்தொகையாகப் பிரித்தால் உடைகிற நூல். பைண்டிங் பிய்ந்த பிரதிக்கு வேண்டுமானால் பொருந்தும்.

நூலகர்:
நாளை வெள்ளி. ‘அச்சில் வைத்திருக்கிறேன், திரையில் படிக்கிறேன்’ என்று வாக்கியமாகவே போட்டுக் கட்டத்தைப் பெரிதாக்கிவிட்டேன். அச்சகத்தார் முணுமுணுத்தார். மூவர் சரி என்கிறீர்கள், அனுப்புகிறேன்.

புலவர்:
வாக்கியம் கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிந்துகொள்க. இருப்புநூலரில் ‘இருப்பு’ தொழிற்பெயர். இருப்புப்பாதையில் இரும்பு என்னும் மென்றொடர்க் குற்றியலுகரம், ‘ம்’ ‘ப்’ ஆகி, ‘இருப்பு’ என வலித்தது வேறு. விளக்கம் தனி மடலில்.