வங்கதேசத்துக்கு வேலைக்குச் செல்லும் மகன்: அங்கே வழிபாட்டுச் சுதந்திரம் எப்படி?

நொய்யல்கரை (திருப்பூர்):
பின்னலாடைத் தொழிலில் அனுபவமுள்ள என் மகனுக்கு டாக்காவுக்கு அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் பழனிக்கு நடந்தே செல்லும் குடும்பம் எங்களுடையது. "அங்கே வீட்டில் விளக்கேற்றவாவது விடுவார்களா" என்று என் மனைவி கேட்கும்போது எனக்குப் பதில் தெரியவில்லை. உறவினர் ஒருவர் அபுதாபியில் கோயிலே கட்டியிருக்கிறார்கள் என்கிறார்; இன்னொருவர் பாகிஸ்தான் செய்திகளைச் சொல்லி அச்சுறுத்துகிறார். இஸ்லாமியர் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் பிற மதத்தவரின் உண்மை நிலையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பவானிக்கூடல் (ஈரோடு):
ஐயா, உங்கள் உறவினர் இருவர் சொல்வதும் உண்மைதான், நாடுகள்தான் வேறு. அபுதாபியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயில், ஆட்சியாளர் அளித்த நிலத்தில் எழுந்தது. சவூதி அரேபியாவிலோ கோயிலும் இல்லை, தேவாலயமும் இல்லை. பிற மதத்தவர் பொது இடத்தில் வழிபடவும் தடை. நான் அங்கே வேலை பார்த்த ஆண்டுகளில் கார்த்திகை விளக்கை அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் ஏற்றினேன். யாரும் வந்து தடுத்ததில்லை. ஆனால் ஒரு முறைகூடக் கதவைத் திறந்துவைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

வழக்கறிஞர் (கோவை):
உங்கள் மகன் விருந்தாளியாகச் சென்று திரும்பிவிடுவார் என்பதால் அவருக்கு விளக்கேற்றுவதில் தடை இராது. அந்த மண்ணிலேயே பிறந்த சிறுபான்மையினரின் நிலையை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வங்கதேசத்தின் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு மதச்சார்பின்மையை அடிப்படைக் கொள்கையாக ஏற்றது. 1988இல் இஸ்லாம் அரச மதமாயிற்று. 2011இல் மதச்சார்பின்மை மீண்டும் சேர்க்கப்பட்டபோதும் அரச மதம் நீக்கப்படவில்லை. துர்கா பூஜைக்கு அரசு விடுமுறை உண்டு. ஆனால் 1965இல் பாகிஸ்தான் ஆட்சியில், இந்தியாவுக்குச் சென்றவர்களின் சொத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்து வந்த எதிரிச் சொத்துச் சட்டம், நாடு விடுதலை பெற்ற பிறகும் வேறு பெயரில் தொடர்ந்து, எண்ணற்ற இந்துக் குடும்பங்களின் நிலத்தைப் பறித்தது. 1951இல் நூற்றுக்கு 22 பேராக இருந்த இந்துக்கள் 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 8 பேராகக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கோயிலை இடித்தால் ஊரே பார்க்கும். பட்டா கைமாறுவதை யார் பார்க்கிறார்கள்?

மதம் மாறுவதைப் பற்றிய சட்டம் இன்னும் கடினமானது. மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசம் ஊரறியச் சிறப்பாக நடக்கிறது. அதே நாட்டில், ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தமிழ்த் தாய், இஸ்லாத்தைத் தழுவிய கணவர் தம் சம்மதமின்றி 2009இல் மூன்று பிள்ளைகளையும் இஸ்லாத்துக்கு மாற்றியதை எதிர்த்து 2018 வரை போராடித்தான் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார். கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்ட கடைசி மகள், தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை.

பள்ளப்பட்டிக்காரன் (கரூர்):
நான் இராவுத்தர் குடும்பத்தைச் சேர்ந்தவன். எனவே இதை நானே சொல்வது பொருத்தம் என்று கருதுகிறேன். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று திருக்குர்ஆன் (2:256) சொல்கிறது. 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் மதம் மாறும் உரிமையைச் சேர்ப்பதை ஆதரித்து ஐ.நா.வில் பேசியவர் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான். அவர், தங்களை முஸ்லிம்களாகவே கருதும் அகமதியா என்ற பிரிவைச் சேர்ந்தவர். அதே பாகிஸ்தான் 1974இல் அகமதியரை முஸ்லிம் அல்லாதவர் என்று அறிவித்தது. 1984 முதல் அவர்கள் தங்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்று சொல்வதும் பாங்கு சொல்வதும் குற்றம். அவர்கள் படும் துன்பத்தைப் பேசாமல் என்னால் இந்த உரையாடலில் கலந்துகொள்ள முடியாது. மறுபுறம், முஸ்லிம்களே பெரும்பான்மையான செனகல், கத்தோலிக்கரான செங்கோரை 1960 முதல் 20 ஆண்டுகள் குடியரசுத் தலைவராக ஏற்றிருந்தது. ஆகவே இது மார்க்கத்தின் விதி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

அண்ணா, டாக்காவில் டாக்கேஸ்வரி கோயில் இருக்கிறது. உங்கள் மகன் தாராளமாகப் போய் வரலாம். 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்தபோது இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன என்பதையும், மாணவர்கள் கோயில்களுக்குக் காவல் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே வீட்டில் சொல்லுங்கள். தேர்தல், கலவரக் காலங்களில் வெளியே அலையாமல் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பின்பற்றச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை (திருப்பூர்):
மூவருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பெட்டியில் சின்ன முருகன் படமும் ஒரு அகல்விளக்கும் வைத்திருக்கிறார். அந்தத் தாய்க்குக் கடைசி மகள் கிடைத்தாளா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.